பொழுது யாருடையது?

‘கவிதை எழுதறது நல்ல பொழுதுபோக்குதான் சார். ஆனா அந்த நேரத்துக்குப் பிரமோஷன் பரீட்சைக்குப் படிச்சிருந்தா இப்ப நீங்க ஆபீசர்’ என்றார் எங்கள் கிளையில் பக்கத்துக் கவுண்டரில் உட்காருகிறவர். நல்ல மனுஷர்தான், அக்கறையில்தான் சொன்னார். அதே வாரம் வீட்டுக்கு வந்த இயக்கத் தோழர் ஒருவர், மேசைமேல் பிரித்துக் கிடந்த பழைய வால்வு ரேடியோவைப் பார்த்துவிட்டு, ‘என்ன தோழர், மக்கள் பிரச்சனை இவ்வளவு கெடக்குது, நீங்க இதை நோண்டிக்கிட்டு இருக்கீங்க, இதெல்லாம் குட்டிமுதலாளித்துவப் பொழுதுபோக்கு இல்லையா’ என்றார். ஒருத்தர் என் எழுத்தைப் பொழுதுபோக்கு என்கிறார். இன்னொருத்தர் என் பொழுதுபோக்கைக் குற்றம் என்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் எழுதிக்கொண்டு போகும்போது நான் பதில் சொல்ல வேண்டிய மூன்றாவது ஆள் ஒருத்தர் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்று தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2015 செப்டம்பரிலிருந்து மாதத்தில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை. எனக்கு எழுதக் கிடைக்கிற நாட்கள் அவைதான். ஞாயிறு கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கூட்டம் என்று போய்விடும். போன மாத இரண்டாம் சனிக்கிழமையை அப்படியே எழுதுகிறேன், கூட்டாமல் குறைக்காமல்.

ஏழு மணிக்கு எழுந்தேன். எட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்தேன். பாதியில் நின்ற கவிதை ஒன்று. இரண்டு வரி அடித்தேன், ஒரு வரி எழுதினேன். அப்புறம் கை தானாகத் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. குமாஸ்தா கை அப்படித்தான். பிடித்தம் போகக் கைக்கு வருவது 41,300. வீட்டுக் கடன் 13,800. சொசைட்டிக் கடன் 4,500. சீட்டு 5,000. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, ஊசி 2,200. மீதி 15,800. அதில் மளிகை, பால், கேஸ், கரண்ட், பெட்ரோல், பையனுக்கு ஸ்கூல் வேன் எல்லாம் சேர்த்து 13,000. மிச்சம் 2,800. இந்த 2,800க்குத்தான் மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் தங்கச்சி மகனுக்கு ஹாஸ்டல் பாக்கி 3,000. போன வருசம் போட்ட என் கவிதைத் தொகுப்புக்கு அச்சகப் பாக்கி 6,000. அடுத்தது, நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழ். ஆசிரியர் குழுவில் ஆளுக்கு 2,500 போட்டால்தான் இந்த இதழ் வெளிவரும் என்று முதல் நாள் ராத்திரி போன் வந்திருந்தது.

பத்து மணிக்கு ஊரிலிருந்து மாமன் வந்தார். சேகோ ஆலையில் வேலை. குச்சிக்கிழங்கு வரத்து இருந்தால்தான் அவருக்குக் கூலி, வரத்து நின்றால் அதுவும் நின்றுபோகும். அத்தை பேரில் எடுத்த குழுக் கடனுக்குத் தவணை கட்ட ஆயிரம் ரூபாய் வேண்டும். ‘மாப்ள, திங்கக்கெழம வந்து வாசல்ல உக்காந்துக்குவாங்க, உனக்குத் தெரியாததா’ என்றார். எனக்குத் தெரியாததா? சேலம், நாமக்கல் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கடன் என்றால் என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிபாளையத்து விசைத்தறிக்காரர்கள் கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்றார்கள் என்ற செய்தி 2025ல் ஊரெல்லாம் பேசப்பட்டு நீதிமன்றம் வரைக்கும் போனது. உடம்பை அறுத்துத் தவணை கட்டுகிற பூமி இது. ஆயிரத்தைக் கொடுத்தேன். மிச்சம் 1,800.

எங்கள் தெருவில் முதல் தலைமுறையில் மாதச் சம்பளம் வாங்குகிறவன் ஒரு குட்டி வங்கி. ஜாமீன் கையெழுத்து அவனுடையது. ஆஸ்பத்திரிச் செலவு அவனுடையது. நகை ஏலத்துக்கு வந்தால் மீட்கிறவனும் அவனே. மூன்று தலைமுறையாகச் சம்பளம் வாங்குகிற வீட்டில் பிறந்த என் சக ஊழியருக்கும் எனக்கும் சம்பளப் பட்டியல் ஒன்றுதான். ஆனால் அவர் சம்பளம் ஒரு வீட்டுக்குப் போகிறது, என் சம்பளம் ஐந்து வீட்டுக்குப் பிரிகிறது. இதைச் சலித்துக்கொண்டு சொல்லவில்லை. அந்த ஐந்து வீட்டுக் கூலியிலும் ஒரு பங்கு போட்டுத்தான் என்னைப் பட்டப்படிப்பு வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். கணக்கு என்றால் வரவையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும்.

மாமன் போனதும் அச்சகத்திலிருந்து போன். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒரு பதிப்பாளர் என் கையெழுத்துப் படியை வாங்கிப் படித்துவிட்டு, ‘ரொம்ப வீரியமா இருக்கு, முப்பதாயிரம் குடுத்தீங்கன்னா போட்டுடலாம்’ என்று சொன்னதால் நானே அச்சடித்த புத்தகம் அது. 300 பிரதி. 170 கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. விற்றதில் பாதி கடனுக்கு விற்றது. நம் தோழர்கள் புத்தகத்தைக் கட்டிப்பிடித்து வாங்கிக்கொள்வார்கள். காசுதான் அடுத்த கூட்டத்தில் தருவார்கள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ரேடியோவை எடுத்தேன். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. வால்வு கிடைப்பதில்லை, கண்டென்சரை மாற்றினால் உயிர் வந்துவிடும் என்று நம்பிக்கை. அந்த ஒன்றரை மணி நேரம் கடன் ஞாபகம் வரவில்லை, கவிதையும் ஞாபகம் வரவில்லை. கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான் அன்றைய சாதனை.

இந்த ரேடியோப் பைத்தியத்துக்கு ஒரு கதை உண்டு. எங்கள் அப்பன் சிறுவயதில் பண்ணயத்தில் இருந்தார். வருசத்துக்கு இவ்வளவு என்று பேசி விட்டுவிடுவார்கள். விடியுமுன்னே கட்டுத்தரையில் இருக்க வேண்டும், ராத்திரி மாடு படுத்த பிறகுதான் வீடு. அந்த வருசத்துப் பொழுது முழுவதும் பண்ணயக்காரருடையது. ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோவில் சாயங்காலம் பாட்டுப் போடுவார்களாம். ஊர்க்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். அப்பன் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது அந்த இடத்தில் மட்டும் மாடு மெதுவாக நடக்குமாம். ‘மாடு நின்னுக்குச்சுங்க சாமி’ என்று சொல்லித்தான் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டிருக்கிறார். பாட்டுக் கேட்பதற்கு மாட்டின்மேல் பழி போட வேண்டியிருந்தது.

அதே அப்பன் நன்றாகத் தப்பட்டை அடிப்பார். ஊர்த் திருவிழாவுக்கு அடித்தார், சாவுக்கு அடித்தார். கேட்டவர்களுக்கு அது கொண்டாட்டம், அடித்தவருக்கு அது வராவிட்டால் உதை விழுகிற கடமை. எங்கள் கலை அடுத்தவர்களின் பொழுதைப் போக்கியது. எங்களுக்குப் போக்குவதற்குப் பொழுதே இருந்ததில்லை. ஆகவே, பக்கத்துக் கவுண்டர் நண்பரே, எனக்குக் கவிதை பொழுதுபோக்கு அல்ல என்று உங்களிடம் நான் கோபப்பட மாட்டேன். அது பொழுதை மீட்கிற வேலை. எங்கள் அப்பனிடமிருந்து எடுத்துக்கொண்ட பொழுதை இரண்டாம் சனிக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வசூல் செய்துகொண்டிருக்கிறேன். வட்டிகூடக் கேட்கவில்லை.

ஓய்வு குற்றம் என்று சொன்ன தோழருக்குப் பதில் அம்பேத்கரிடமே இருக்கிறது. காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945ல் அவர் எழுதிய நூலில் காந்தியத்தைப் பற்றி ஒரு அத்தியாயம். எந்திரம் வேண்டாம், ராட்டை போதும் என்பவர்களை அங்கே அவர் மடக்குகிறார். மிருகம் உடம்பை வளர்ப்பதோடு நின்றுவிடுகிறது, மனிதன் மனதையும் வளர்க்க வேண்டும். அதற்கு ஓய்வு வேண்டும், ஓய்வு இல்லாத இடத்தில் பண்பாடு இல்லை. எந்திரம் அந்த ஓய்வை உழைக்கிறவனுக்குத் தரக்கூடியது என்பது அவர் வாதம். அடுத்த வருசம், 1946ல், வைசிராய் நிர்வாக சபையின் தொழிலாளர் உறுப்பினராக ஆலைத் தொழிலாளியின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். ஓய்வு அவருக்கு ஒரு அரசியல் கோரிக்கை. அதை நாம் ஏன் சோம்பேறித்தனம் என்று பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும்? அவர் வயலின் கற்றுக்கொண்டவர். நாய் வளர்த்தவர். புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்று பம்பாய் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டியவர். அந்த வயலினைப் பார்த்து ‘மக்கள் பிரச்சனை கெடக்குதே பாபாசாகேப்’ என்று நம்மில் யாராவது சொல்வோமா? ரேடியோவுக்கு மட்டும் ஏன் இந்த விசாரணை?

எழுத்துக்கும் காசுக்கும் உள்ள உறவிலும் அவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 1920 ஜனவரி 31ல் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது அவர் சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியர். கோலாப்பூர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். பணம் கட்டுகிறோம், விளம்பரம் போடுங்கள் என்று கேட்டும் ‘கேசரி’ அந்த இதழின் விளம்பரத்தைப் போட மறுத்துவிட்டது. அந்த வருசமே அவர் படிப்பை முடிக்க லண்டன் போனார். 1923ல் இதழ் நின்றுபோனது. திரும்பி வந்து 1927ல் ‘பகிஷ்கிருத் பாரத்’ நடத்தியபோது, குடும்பச் செலவுக்காகக் கணக்கியல் பயிற்சி நிறுவனம் ஒன்றில் வணிகச் சட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பகலில் கணக்குப் படிக்கிற பையன்களுக்குப் பாடம், ராத்திரி இதழ். அதுவும் 1929ல் நின்றது. நமக்குப் பக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதர். 1907 ஜூன் 19ல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். அவர் சித்த வைத்தியர். விலையையே பெயராக வைத்த வாரப் பத்திரிகை அது. அடுத்த வருசம் ‘தமிழன்’ ஆகி, 1914ல் அவர் சாகும்வரை வந்தது. கோலார் தங்கவயலில் பாறை உடைத்த நம் ஆட்கள் கொடுத்த காசுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அவர்கள் சந்தா கட்டினார்கள் தோழர்களே. சுரங்கத்துக்குள் போய் உயிரோடு திரும்பி வருவோமா என்று தெரியாதவர்கள் சந்தா கட்டினார்கள். இந்த இதழுக்குச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் சுரங்கத்துக்குப் போகிறார்கள் என்று நான் கேட்க மாட்டேன். பட்டியல் ஆசிரியர் குழுவிடம் இருக்கிறது.

தமிழ் இலக்கியத்தில் எழுத்தாளனின் வறுமை ஒரு அழகான பொருள். பாரதி கதை எல்லோருக்கும் தெரியும். கடன் வாங்கி வைத்திருந்த அரிசியைக் குருவிக்கு இறைத்துவிட்டுப் பாடினார் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். புதுமைப்பித்தன் 1948ல் காசநோயில் போனதையும் கண்ணீரோடு எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் அரிசியே இல்லாத தெருவில் பிறந்தவன் எழுதினால், அந்த இல்லாமை யாருக்கும் காவியமாகத் தெரிவதில்லை. அது அவன் பிறப்பிலேயே வந்த சங்கதி, இதில் என்ன அதிசயம் என்று போய்விடுகிறார்கள். மனோரஞ்சன் பியாபாரியைக் கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுத்துக்கொண்டிருந்தபோது 1981ல் மகாசுவேதா தேவி கண்டு தன் ‘பர்த்திகா’ இதழில் எழுத வைத்தார். புத்தகங்கள் வந்தன. பெயரும் வந்தது. அதற்கப்புறமும் அந்த மனுஷர் காதுகேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இருபது வருசத்துக்கு மேல் சமையல்காரராக அண்டா தூக்கினார். 2020ல்தான் அவரை நூலகத்துக்கு மாற்றினார்கள். எழுதி எழுதித் தேய்ந்த கை அடுப்படியிலிருந்து புத்தகத்துக்குப் போக அத்தனை காலம்.

நம் மாவட்டத்தையே எடுங்கள். ஆடு மாடு மேய்க்கிற எங்கள் பையன்களின் கதையைப் பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’யாக 2000ல் எழுதினார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். என் கேள்வி அவரைப் பற்றியதே அல்ல. மேய்த்தவன் ஏன் எழுதவில்லை? அவனுக்குத் திறமை இல்லையா? பொழுது இல்லை. உட்கார ஒரு மேசையும் இரண்டாம் சனிக்கிழமையும் இல்லை. இலக்கியத்தில் யார் பேசுகிறார்கள், யார் பேசப்படுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக விவாதிக்கிறோம். அதற்கு முன்னாடி யாருக்கு விடுமுறை என்று கேட்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் மூன்றாவது ஆள்.

அன்று சாயங்காலம் இதையெல்லாம் உற்சாகமாக என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பிளவுசுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தைக்கிறாள், மாதம் மூவாயிரம், நாலாயிரம் வரும். என் கணக்கில் அந்த வரவை நான் எழுதவே இல்லை என்பதை இப்போது கவனித்திருப்பீர்கள். நானும் அப்போதுதான் கவனித்தேன். அவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்: ‘ஏனுங்க, நீங்க ஏழு மணிக்கு எந்திரிச்சீங்க. நான் அஞ்சு மணிக்குக் காவேரித் தண்ணி புடிச்சேன். உங்க மாமனுக்குச் சோறு போட்டது யாரு? நீங்க ரேடியோ நோண்டறப்ப பையனைப் புடிச்சுவெச்சது யாரு? உங்க பொழுதுக்கு நான்தானுங்க வட்டி கட்டறேன்.’

பதில் இல்லை. அப்பனின் பொழுதைப் பண்ணயக்காரர் எடுத்துக்கொண்டார் என்று கவிதை எழுதுகிறவன், இன்னொருத்தியின் பொழுதில் உட்கார்ந்துகொண்டு அதை எழுதுகிறான். குருவிக்கு அரிசி போட்ட கதையில் அந்த அரிசியைப் போய்க் கடன் வாங்கி வந்த செல்லம்மாவை யாரும் பாடவில்லை. ராமாபாய் வறட்டி தட்டிக் குடும்பம் நடத்தினார் என்று மேடையில் சொல்லி நெகிழ்கிறோம். அம்பேத்கர் குறைந்தபட்சம் 1940ல் பாகிஸ்தான் பற்றிய தன் நூலை அவருக்குக் காணிக்கை ஆக்கினார். நம் தொகுப்புகளின் முதல் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், தலைவர்கள் பெயர் இருக்கும், தண்ணீர் பிடித்தவள் பெயர் இருக்காது.

பேபி காம்ப்ளே ஞாபகம் வருகிறார். மகாராஷ்டிரத்தில் பல்தான் ஊரில் மளிகைக் கடை நடத்திய மகார் பெண். சாமான் கட்ட வாங்கிய பழைய காகிதங்களைப் படித்துப் படித்தே வாசிப்பை வளர்த்தவர். கடையில் ஆள் வராத நேரத்தில் தன் கதையை எழுதி, கணவருக்குத் தெரியாமல் பல வருசம் ஒளித்து வைத்திருந்தார். 1980களில்தான் ‘ஜின ஆமுச்ச’ வெளியே வந்தது. ஒளித்து வைத்தது யாரிடமிருந்து என்பதைப் பாருங்கள். சாதி இந்துக்களிடமிருந்து அல்ல, வீட்டிலிருந்த நம் ஆளிடமிருந்து. அவருடைய கணவரும் அம்பேத்கர் வழியில் நடந்தவர்தான். இதைப் படித்துவிட்டு மேசையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

ஆகவே நான் சொல்ல வருவதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு நம் உரிமை, அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கேரம் ஆடுங்கள், தூண்டில் போடுங்கள், இளையராஜா கேளுங்கள், ரேடியோ நோண்டுங்கள். எழுதுகிறவனின் வறுமையைப் புகழ்வதை நிறுத்துவோம், புத்தகத்துக்குக் காசு கொடுத்து வாங்குவோம். எழுதுகிற பிள்ளைகளுக்கு நூறு ரூபாயாவது இதழ் கொடுக்க வேண்டும், அதற்கு நாம் சந்தா கட்ட வேண்டும். இதழின் வரவுசெலவை ஒவ்வொரு இதழிலும் அச்சிட வேண்டும், யார் வீட்டுப் பணம், எத்தனை பேர் உழைப்பு என்று தெரியட்டும். கூட்டம் போட்டால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆண் தோழர்கள் முறை வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தாலொழியப் பெண்கள் ஏன் எழுத வருவதில்லை என்று மேடையில் கேட்க நமக்கு வாய் இல்லை.

என் பங்குக் கணக்கு இது. மிச்சம் இருந்த 1,800ல் தங்கச்சி மகனுக்கு ஆயிரம் அனுப்பினேன். இதழுக்கு 800. மீதி 1,700 அடுத்த மாதம், ஆசிரியர் குழு பொறுத்துக்கொள்ள வேண்டும். அச்சகப் பாக்கிக்குக் கட்டிலடிப் புத்தகங்களில் ஐம்பதைப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரி விடுதிகளுக்குப் போகிறேன், இந்தத் தடவை கடன் கிடையாது. இரண்டாம் சனிக்கிழமை அவளுக்கு, நான்காம் சனிக்கிழமை எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவளுடைய நாளில் தண்ணி, சோறு, பையன், வருகிற போகிற சொந்தம் எல்லாம் என் பொறுப்பு.

‘அன்னைக்கு நீ என்ன பண்ணப் போறே? ஏதாவது எழுதறியா, படிக்கறியா?’ என்று கேட்டேன். என் கேள்வியிலேயே ஒரு எழுத்தாளனின் திமிர் இருந்தது.

‘தூங்கோணுங்க’ என்றாள்.